நூல் காட்டிய தூரமும் விமானம் பறந்த தூரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் மகள் நோட்டைப் பிரித்துவிட்டாள். பத்து வயது. கிளம்புவதற்கு முதல் நாள் இணையத்தில் தேடி, இரண்டு ஊருக்கும் நடுவே 15,349 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்து, அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் விமானி ஒலிபெருக்கியில் வணக்கம் சொல்லிவிட்டு, இன்று நாம் பறக்கப்போகும் தூரம் கிட்டத்தட்ட 16,700 கிலோமீட்டர் என்றார். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஆயிரத்து முந்நூத்தம்பது கிலோமீட்டர் கூட சொல்றாரு. ரெண்டுல ஒண்ணு தப்பு."

இரண்டுமே தப்பில்லை என்று சொன்னேன். அப்போது என்னால் அவளுக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்பதால் மீதியை யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது, வீட்டுக்கு வந்த பிறகும் விடாமல் படித்தேன். அந்த முழுப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போன விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில் அவள் எழுதி வைத்திருந்த 15,349. இது பூமியின் மேற்பரப்பில் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை, ஒரு உலக உருண்டையும் ஒரு துண்டு நூலும் போதும். நூலின் ஒரு முனையை ஒரு ஊரில் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இன்னொரு ஊருக்கு இழுத்து, தொய்வில்லாமல் இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே வழுக்கி நகர்ந்து மிகக் குறைந்த தூரத்தில் போய் நிற்கும். எங்கள் வீட்டு உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அப்படியென்றால் சுற்றளவு 94 சென்டிமீட்டர் சொச்சம். அது 40,000 கிலோமீட்டரைக் குறிக்கிறது, ஆக ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நூலை இழுத்து, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்தபோது 36 சென்டிமீட்டர் இருந்தது. பெருக்கினால் 15,300. ஒரு முழ நூல்கூட இல்லை, விடையோ இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் அன்று எங்கள் இருவரையும் அசர வைத்தது நூலின் நீளமில்லை, அது போன பாதை. சிங்கப்பூரிலிருந்து நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேராக வடக்கே ஏறியது. தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியா, அப்புறம் ஆர்க்டிக் பெருங்கடல். வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் நெருங்கிப் போய், மறுபக்கம் கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம் வழியாக இறங்கி, கனடாவின் கியூபெக்கைத் தாண்டி நியூயார்க்கில் முடிந்தது. பூமியின் மையத்தை வெட்டிப்போகும் ஒரு தட்டு மேற்பரப்பில் போடும் கோடு இது, பெருவட்டம் என்று சொல்வார்கள். உருண்டையின் மேல் நேர்கோடு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான்.

நமக்கு இது ஏன் விசித்திரமாகத் தெரிகிறது என்றால், சின்ன வயதிலிருந்து சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்துவிட்டோம். அந்த வகை வரைபடத்தை மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் வரைந்தது கப்பல்காரர்களுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாதை வரைபடத்தில் நேர்கோடாக வர வேண்டும், அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அந்த வேலையை அது அருமையாகச் செய்தது. அதற்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் இழுத்துப் பெரிதாக்க வேண்டி வந்தது. துருவத்தை அதில் வரையவே முடியாது, அது முடிவில்லாத தொலைவில் இருக்கும். தூரம் பார்ப்பதற்கு மட்டும் அந்த வரைபடத்தை நம்பக் கூடாது.

இதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் மறக்கவே மறக்காது. பின்லாந்தின் ஹெல்சின்கியும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, ஒன்று 60 டிகிரிக்குச் சற்று மேலே, இன்னொன்று 61 டிகிரிக்குச் சற்று மேலே. வரைபடத்தில் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அது நோர்வே, கிரீன்லாந்தின் தெற்கு முனை, கனடா என்று படுக்கை வசமாக ஓடும். அந்தக் கோட்டிலேயே போனால் சுமார் 9,500 கிலோமீட்டர். நூலை எடுத்து உருண்டையில் இழுத்தால் அது துருவத்தை உரசிக்கொண்டு போய் 6,500 கிலோமீட்டரில் முடித்துவிடும். மூவாயிரம் கிலோமீட்டர் மிச்சம்! தீர்க்கரேகையில் இரண்டு ஊருக்கும் 175 டிகிரி வித்தியாசம், அதாவது உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிரெதிரே. 60ஆவது அட்சரேகை என்பது பூமத்தியரேகையில் பாதி நீளமே உள்ள ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் போவதை விட நடுவில் குறுக்கே புகுந்து போவது கிட்டம், அவ்வளவுதான் சூட்சுமம்.

சிங்கப்பூர், நியூயார்க் ஜோடிக்கும் இதே மாதிரி வாய்த்திருக்கிறது, இரண்டும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 178 டிகிரி விலகி இருக்கின்றன. அதனால் தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நியூயார்க் விமான நிலையம் வடக்கே 40.6 டிகிரியில் இருக்கிறது, துருவம் 90, ஆக அங்கிருந்து துருவத்துக்கு 49.4 டிகிரி. சிங்கப்பூர் 1.4 டிகிரி, அங்கிருந்து துருவத்துக்கு 88.6. கூட்டினால் 138. பூமியில் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். விமானத்திலேயே அவளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன், மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்று அவள் இரண்டு தடவை பெருக்கிச் சரிபார்த்தாள். இப்படி எதிரெதிரே இல்லாத ஊர்களுக்குக் கொஞ்சம் முக்கோணவியல் வேண்டும், மாலுமிகள் அதற்கென்றே நூறு, இருநூறு வருஷத்துக்கு முன் அட்டவணைகள் வைத்திருந்தார்கள், இன்று கைபேசி ஒரு நொடியில் போட்டுவிடுகிறது.

அப்புறம், வெவ்வேறு தளங்களில் தேடினால் இதே இரண்டு ஊருக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. பூமி சரியான உருண்டை இல்லை. பூமத்தியரேகைப் பக்கம் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவப் பக்கம் 6,357, இடையே 21 கிலோமீட்டர் வித்தியாசம். சிலர் முழு உருண்டை என்றே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், சிலர் இந்தச் சப்பையான வடிவத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பின்னதற்கு வின்சென்டி என்ற புவி அளவை அறிஞர் 1975இல் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். இது போக, ஊரின் நடுவிலிருந்து அளப்பதா, விமான நிலையத்திலிருந்து அளப்பதா என்பதும் இருக்கிறது. மைல் என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். விமானக்காரர்கள் பேசுவது கடல் மைல், அது 1,852 மீட்டர், சாலை மைல் 1,609 மீட்டர்தான். இதே பாதை சாலை மைலில் 9,537, கடல் மைலில் 8,288. ஆயிரத்து இருநூறுக்கு மேல் இடிக்கிறதே என்று குழம்ப வேண்டாம், தூரம் ஒன்றுதான்.

விமானம் மேலே பறப்பதால் தூரம் கூடுமே என்றும் அவள் கேட்டாள். கூடும்தான். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வட்டம் கொஞ்சம் பெரிதாகிறது. ஆனால் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து 26, 27 கிலோமீட்டர்தான் அதிகம் வரும். ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு அது பதிலாகாது.

சரி, அந்த ஆயிரத்து முந்நூற்றைம்பது எங்கிருந்து வந்தது? எங்களுக்கு முன்னால் இருந்த திரையில் விமானத்தின் பாதை தெரிந்துகொண்டே இருந்தது. அது நூல் காட்டிய வழியில் வடக்கே ஏறவே இல்லை. வடகிழக்காகத் திரும்பி, தென்சீனக் கடலைத் தாண்டி, ஜப்பானுக்குப் பக்கமாக வந்து, பசிபிக்கின் மேல் நீளமாகப் போனது. அவள் தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் விமானத்தின் உயரம், வெளியே வெப்பநிலை, தரையை வைத்துப் பார்க்கும்போது வேகம் என்று மாறி மாறி வரும். ஜப்பானை நெருங்குவதற்கு முன்னால் மணிக்கு 900 சொச்சமாக இருந்த வேகம், கடலுக்கு மேல் போன பிறகு 1,050, 1,080 என்று ஏறியது. என்ஜின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கூடுதல் வேகம் காற்று கொடுத்தது.

தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறு மாதிரி காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். ஜப்பானுக்கு மேலே அது குறிப்பாக உக்கிரமானது, குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஊஇஷி வசபுரோ. 1920களில் ததேனோ ஆய்வு மையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவை எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று குறித்து வைத்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அறிக்கையை எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் 1926இல் எழுதினார், அதனாலேயே வெளியில் அதிகம் பேர் படிக்காமல் போனது. அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் ஜப்பானுக்கு மேல் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் அது பரவலாகத் தெரிந்தது.

விமானத்தைப் பொறுத்தவரை தரை ஒரு பொருட்டே இல்லை, அது காற்றில்தான் பறக்கிறது. ஓடும் ஆற்றில் படகு மாதிரி. அதனால் விமானப் பாதை போடுகிறவர்கள் தரை தூரம் ஒன்று, காற்று தூரம் ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். காற்று தூரம் என்றால் விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்பது, எரிபொருள் செலவாவது அதற்குத்தான். புரிவதற்காக எளிய எண்களில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 என்று வைத்துக்கொள்வோம். பசிபிக் வழியாக 16,700 கிலோமீட்டர், பின்னாலிருந்து சராசரியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளுகிறது என்றால் தரை வேகம் 1,000, பயணம் 16.7 மணி நேரம். காற்று தூரம் 15,030 கிலோமீட்டர். துருவம் வழியாக 15,349 கிலோமீட்டர், எதிர்க்காற்று 50 இருக்கிறது என்றால் வேகம் 850, நேரம் 18 மணிக்குச் சற்று மேல், காற்று தூரம் 16,250க்கும் கூட. பார்த்தீர்களா, வரைபடத்தில் நீளமான பாதை காற்றில் குட்டையாகிவிட்டது, அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இதை நான் ஒரு டிஷ்யூ தாளில் எழுதிக் காட்டியபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்போ சுத்திப் போறதுதான் கிட்டமா?" என்றாள். ஆமாம் என்றேன். ஓடும் காற்றிலோ நீரிலோ மிகச் சீக்கிரம் போய்ச் சேரும் வழி எது என்ற இந்தக் கேள்வியை எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மன் கணித மேதை 1931இல் எடுத்து அலசி விடை கொடுத்திருக்கிறார். இன்று ஒவ்வொரு நீண்ட விமானத்துக்கும் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து அந்த மாதிரிக் கணக்கைத்தான் கணினிகள் போட்டுத் தள்ளுகின்றன. அதனால் இன்று போன வழியில் நாளை போவார்கள் என்று சொல்ல முடியாது. அட்லாண்டிக்கின் மேல் இதற்காகத் தினம் தினம் பாதைகளைப் புதிதாக வகுத்து அறிவிப்பார்கள், ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்களுக்குக் காற்றோடு சேர்ந்த பாதைகள், திரும்பி வருகிறவர்களுக்குக் காற்றிலிருந்து விலகிய பாதைகள்.

அந்தக் காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி, 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. சுமார் 5,540 கிலோமீட்டர். வழியில் ஒரு கட்டத்தில் தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் போனது, ஆனால் ஒலித் தடையை அது தாண்டவில்லை, ஏனென்றால் தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதே பாதையில் எதிர்த் திசையில் போனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக ஆகும். ஆக, ஊருக்கு ஊர் தூரம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று சொன்னால் அது விமானத்தைப் பொறுத்தவரை முழு உண்மை.

காற்று மட்டும் காரணமில்லை. துருவத்தின் மேல் பறப்பதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. அமெரிக்க விதிப்படி 78 டிகிரிக்கு வடக்கே போனாலே துருவப் பகுதிதான். அங்கே வெளிக்காற்று மிகவும் குளிர்ந்து கிடக்கும்போது எரிபொருள் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான ஜெட் எரிபொருளில் ஒரு வகையின் உறைநிலை வரம்பு கழித்தல் 40 டிகிரி, இன்னொன்றுக்குக் கழித்தல் 47. காந்தத் திசைகாட்டியை அங்கே நம்ப முடியாது. சூரியப் புயல் அடித்தால் வானொலித் தொடர்பு அறுந்துபோகும். ஏதாவது ஆனால் இறங்குவதற்கு ஓடுபாதைகளும் குறைவு. இரட்டை என்ஜின் விமானங்களுக்கு இது எப்போதும் பெரிய கவலை, ஒரு என்ஜின் நின்றுபோனால் மிச்சமுள்ள ஒன்றோடு இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. 1985இல் அந்த வரம்பை 120 நிமிடமாக உயர்த்தியது அன்று பெரிய செய்தி. 2014இல் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல்! என்ஜின்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் போக முடியாமல் கிடந்த பெரிய பெரிய கடல்பரப்புகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆனால் என்னை மிகவும் பாதிப்பது மனிதர்கள் போடும் தடைதான். ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர், சைபீரியாவுக்கு மேலே போனால் ஒன்பது பத்து மணி நேரத்தில் போய்விடலாம். சோவியத் வான்வெளி மூடிக்கிடந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்கள் பல ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போயின. 1983இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் துருவத்தைச் சுற்றிக்கொண்டு எங்கும் இறங்காமல் டோக்கியோ வரை பறக்க ஆரம்பித்தது, ஏறக்குறைய 13 மணி நேரம். பிறகு சைபீரிய வழி திறந்தது, எல்லாரும் நிம்மதியாகக் குறுக்கே போனார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்ய வான்வெளி அவர்களுக்கு மூடிய உடனே அதே நிறுவனம் அதே ஹெல்சின்கியிலிருந்து மறுபடி வட துருவம் வழியாக டோக்கியோவுக்குப் பறக்க வேண்டியதாயிற்று. திரும்பவும் 13 மணி நேரம், கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஒரே வாரத்தில் அவை ஐயாயிரம் கிலோமீட்டர் விலகிப்போய்விட்டன. அந்தப் பக்கம் பெற்றோரையோ பிள்ளைகளையோ விட்டு வந்தவர்களுக்கு அந்த ஐயாயிரம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நாங்கள் போன பாதைக்கும் ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு நேர் விமானம் விட்டது, நான்கு என்ஜின் ஏ340-500இல். எரிபொருள் செலவு தாங்காமல் 2013இல் நிறுத்தினார்கள். நீண்ட தூரத்தில் ஒரு சிக்கல் என்னவென்றால், கடைசி ஆயிரம் கிலோமீட்டருக்கான எரிபொருளை முதல் பதினையாயிரம் கிலோமீட்டருக்கும் சுமந்துகொண்டே போக வேண்டும், அந்தச் சுமையைத் தூக்கவே தனியாக எரிபொருள் எரியும். 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியது இரட்டை என்ஜின் ஏ350-900இன் தனி வகையோடு. வழக்கமான ஏ350-900இல் 141,000 லிட்டர் கொள்ளும், இதில் 165,000. அதற்கு ஈடாக உள்ளே 161 இருக்கைகள்தான். அப்போது அவர்கள் அறிவித்த தூரமே 16,700 கிலோமீட்டர், நேரம் 18 மணி 45 நிமிடம் வரை. இரண்டு ஊருக்கு நடுவே நூல் எவ்வளவு என்று அவர்கள் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்தது பறந்தால் எவ்வளவு என்று. 2020 நவம்பரில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் விட ஆரம்பித்தார்கள், நாங்கள் போனது அதில்.

இதையும் மிஞ்சும் ஜோடி சிட்னியும் லண்டனும். அங்கே பெருவட்டம் சுமார் 17,000. 1989இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு புது 747ஐ ஒரு சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் ஒரு ஆய்வுப் பயணமாக அதே பாதையில் 17,800 கிலோமீட்டர் பறந்து 19 மணி 19 நிமிடத்தில் இறங்கினார்கள். இங்கேயும் நூலுக்கும் விமானத்துக்கும் எண்ணூறு கிலோமீட்டர் வித்தியாசம், கவனித்தீர்களா?

"இதுக்கு மேல எவ்வளவு தூரம் இருக்க முடியும்?" என்பது மகளின் அடுத்த கேள்வி. இருபதாயிரம். அதற்கு மேல் உலகத்தில் தூரமே கிடையாது, ஏனென்றால் அதைத் தாண்டினால் மறுபக்கமாகக் கிட்டம் வர ஆரம்பித்துவிடும். எண் இவ்வளவு அழகாக இருப்பது தற்செயல் இல்லை. 1790களில் பிரெஞ்சு அறிஞர்கள் மீட்டர் என்ற அளவை உண்டாக்கியபோது, துருவத்திலிருந்து பூமத்தியரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் அதை வகுத்தார்கள். கால் வட்டம் பத்தாயிரம் கிலோமீட்டர், அரை வட்டம் இருபதாயிரம். ஸ்பெயினின் மாட்ரிட்டும் நியூசிலாந்தின் வெலிங்டனும் அந்த எல்லைக்கு மிகப் பக்கத்தில் வருகின்றன, ஏறக்குறைய 19,850. உருண்டையில் அந்த இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துப் பாருங்கள், நூல் ஒரு இடத்தில் நிற்காது. வடக்கே தள்ளினாலும் நிற்கிறது, கிழக்கே தள்ளினாலும் நிற்கிறது. நேர் எதிரெதிர் இடங்களுக்கு எல்லாத் திசையும் ஒரே தூரம்தான். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே என்றாவது ஒரு விமானம் நேராகப் பறந்தால் அதற்கு வழி சொல்லப்போவது காற்று மட்டும்தான். என் மகள் அந்த இடத்தில் நூலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

நியூயார்க்கில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். விமானம் கிளம்பியதும் அவள் முதல் வேலையாகத் திரையைப் போட்டாள். போன வழியே திரும்பப் போகிறோம் என்று நானும் நினைத்தேன். அன்று காற்று வேறு மாதிரி இருந்திருக்கிறது, விமானம் அட்லாண்டிக்கின் மேல் திரும்பி ஐரோப்பாவை நோக்கிப் போனது. விமானி சொன்ன தூரம் 16,200 சொச்சம். நோட்டில் 16,700க்குக் கீழே அதை எழுதிவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"அம்மா, போகும்போதும் கிழக்கேதான போனோம்? இப்பவும் கிழக்கேதான போறோம்?"

"ஆமா."

"அப்போ நாம உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டோம்!"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே அவள் உருண்டையை எடுத்து வைத்து, ஜப்பான் பக்கமாகப் போன நூலையும் ஐரோப்பா பக்கமாக வந்த நூலையும் டேப் போட்டு ஒட்டினாள். இரண்டு நூலும் சிங்கப்பூரில் முட்டி முடிச்சுப்போட்டுக்கொண்டன. பிறகு நோட்டில் இரண்டு எண்ணையும் கூட்டி, 33,000கூட வரவில்லை, உலகத்தைச் சுற்றினால் 40,000 வர வேண்டுமே, ஏழாயிரம் எங்கே போச்சு என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே உருண்டையைக் குனிந்து மேலேயிருந்து, வட துருவத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். நூல் பூமத்தியரேகையின் மேல் கிடக்கவில்லை, முக்கால்வாசி தூரம் வடக்கே சின்ன வட்டங்களின் மேல் ஏறிக் கிடந்தது. "ஹெல்சின்கி மாதிரி" என்றாள், எழுதிக்கொண்டாள்.